இடக்கைக்காரிக்கு ஒரு கொப்பி

“இது ஏழோ, ஒண்டோ?”

எங்கள் ஆய்வுகூடப் பொறுப்பாளர் என் கொப்பியைத் திறந்தபடியே கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டுக் கேட்டார். நான் குனிந்து பார்த்தேன். எழுதியவள் நான்தான். எனக்கே தெரியவில்லை. இலக்கத்தின் தலையில் மை பரவி, பக்கத்து இலக்கத்தோடு கைகோத்துக்கொண்டு நின்றது.

“ஒன்னுன்னுதான் நெனைக்கிறேன் மேடம்.”

“நினைக்கிறீர். தண்ணி குடிக்கிற ஆக்களிட்டையும் அப்பிடித்தான் சொல்லுறதோ?”

அவர் குரலை உயர்த்தவில்லை. ஒருபோதும் உயர்த்தமாட்டார். யாழ்ப்பாணத்திலிருந்து வேலை மாற்றலாகிக் கண்டிக்கு வந்து பல வருடமாகியும் பேச்சு மாறாதவர். கோபம் வந்தால் அந்தப் பேச்சு இன்னும் கொஞ்சம் நிதானமாகும், அவ்வளவுதான். நல்லவேளையாகச் சோதனைக்கு எடுத்த அந்தத் தண்ணீரில் மிச்சம் ஃபிரிஜ்ஜில் இருந்தது. மறுபடி சோதித்தேன். ஒன்றுதான். ஆனாலும் அந்த நாள் முழுக்க என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

எங்களுடையது பேராதனைப் பக்கம் போகும் வழியில் இருக்கும் சிறிய ஆய்வுகூடம். கிணறு, ஊற்று, பீலி என்று ஊர் ஊராகக் குடிநீரைப் போத்தலில் பிடித்துவந்து, அதில் உரத்திலிருந்து வரும் நைத்திரேற்று உப்பு இருக்கிறதா, கிருமி இருக்கிறதா என்று பார்ப்பதுதான் வேலை. பொறுப்பாளர், நான், கட்டுகஸ்தோட்டையிலிருந்து வரும் ஒரு முஸ்லிம் தோழி, மூன்று பேர்தான். தோழி என்னைவிடச் சில வயது இளையவள். அவளும் நானும் ஒரே மேசையில் எதிரெதிராக நின்று வேலை செய்வோம்.

நான் இடக்கைக்காரி. சாப்பிடுவது வலக்கையால்; வீட்டில் அதை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. எழுதுவதை மாற்ற அம்மா கொஞ்ச நாள் பார்த்துவிட்டு, “பீச்சாங்கையோ சோத்தாங்கையோ, பாஸ் பண்ணினா சரி” என்று விட்டுவிட்டார். இடக்கையால் எழுதுகிறவர்களுக்கு ஒரு தொல்லை உண்டு. எழுதிய எழுத்தின் மேலேயே கை பின்னால் நகர்ந்து வரும். மை காயாவிட்டால் கை அதைத் துடைத்துக்கொண்டே போகும். பள்ளிக்கூட நாள் முழுக்க என் சுண்டுவிரலின் ஓரம் நீலமாகத்தான் இருந்தது. அது எனக்குப் பெரிய விஷயமாகத் தெரிந்ததில்லை. என் கொப்பியை நான்தான் படித்தேன், எனக்குப் புரிந்தது.

இப்போது அப்படி இல்லை. நான் ஐந்து மாதக் கர்ப்பிணி. பிரசவ விடுமுறையில் போகும்போது பன்வில பக்கத்துத் தோட்டமொன்றின் தண்ணீர் வேலையைத் தோழியிடம் ஒப்படைக்க வேண்டும். மாதக்கணக்கில் நடக்கிற வேலை அது. அவள் என் கொப்பியைத்தான் நம்ப வேண்டும்.

பொறுப்பாளர் மறுநாள் காலையில் தேநீர் குடிக்கும்போது தீர்ப்புச் சொன்னார்.

“கையை மாத்தேலாது. கொப்பியை மாத்தும்.”

அலுவலகத்தில் தரும், தடித்த அட்டை போட்ட சீ.ஆர். கொப்பி அந்த வருடம் வழுவழுப்பான தாளில் வந்திருந்தது. பார்க்க அழகு. மை உள்ளே இறங்காமல் மேலேயே மினுங்கிக்கொண்டு நிற்கும். என் கைக்கு அதைவிடக் கெட்ட தாள் இருக்க முடியாது.

“டெப்லட்டுல எழுதலாமே மேடம்?” என்றாள் தோழி.

“கையுறையோடை எழுதுவீரோ? அமிலம் சிந்தினா ஆர் பொறுப்பு?” அவர் விரலை மடக்கினார். “தைச்ச கொப்பியா இருக்கவேணும். தாள் கழண்டு வரக்கூடாது. பக்கத்துக்கு இலக்கம் போடவேணும். பென்சில் வேண்டாம். பிழைச்சா ஒரு கோடு இழுத்து வெட்டிப்போட்டுப் பக்கத்திலை எழுதும், அழிக்கக் கூடாது. மற்றதெல்லாம் உம்மடை விருப்பம்.”

அந்தச் சனிக்கிழமை தோழியும் நானும் கொப்பி தேடிக் கிளம்பினோம். கண்டியில் சந்தைக்கு எதிர்ப்பக்கமாக இருந்த பெரிய கடையில் முதலில் ஏறினோம். மேல் மாடி முழுக்கக் கொப்பிகள். அட்டையில் பூவும் பூனையும் போட்டவை, தோல் மாதிரி உறை போட்டவை, நாடா வைத்தவை. எனக்குக் கை பரபரத்தது. எழுதுகிற வேலை எதுவும் இல்லாதபோதும் கொப்பிக் கடையில் சும்மா நிற்கப் பிடிக்கிற ஆள் நான். பச்சை நிற அட்டையோடு கம்பிச் சுருள் போட்ட ஒன்றை எடுத்து நெஞ்சோடு வைத்துக்கொண்டேன்.

“அக்கா, அத வைங்க,” என்றாள் தோழி. “ஒங்கட கை அந்தக் கம்பியில தானே படும். ரெண்டு பக்கம் எழுத முந்தி தோல் போயிடும். மேடம் தைச்சதுண்டு தானே சொன்னாங்க?”

உண்மைதான். மனதில்லாமல் வைத்தேன். அடுத்த கடையில் கணக்கெழுதும் தடித்த கொப்பிகள் இருந்தன. சிவப்புக் கோடுகள் நெடுக ஓடின. நல்ல தையல். ஆனால் அதை விரித்து மேசையில் வைத்தால் தானாகவே மூடிக்கொண்டது. ஒரு கையில் சோதனைக்குழாயைப் பிடித்துக்கொண்டு மறுகையால் எழுதுகிறவளுக்கு, மூடிக்கொள்கிற கொப்பி எதற்கு? அதையும் வைத்தோம். மூன்றாவது கடையில் தாளைத் தொட்டுப் பார்த்ததற்கே விற்பனைப் பெண் முகத்தைச் சுளித்தாள்.

மழை தூறத் தொடங்கியது. எனக்கு முதுகு வலித்தது. வீட்டுக்குப் போய்விடலாம் என்றேன்.

“எங்கட ஊருக்கு வாங்க. பஸ்ஸுல கொஞ்ச நேரம் தானே,” என்று அவள் என் பையை வாங்கிக்கொண்டாள்.

கட்டுகஸ்தோட்டைப் பாலத்துக்குக் கொஞ்சம் தள்ளி, பள்ளிச் சாமான் விற்கும் ஒரு பழைய கடை. அவள் சின்ன வயதிலிருந்தே போகிற கடையாம். உள்ளே ஒரு கதிரையில் கடைக்காரர் இருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து அந்தக் கதிரையை எனக்குத் தள்ளினார். தோழி அவரை, அண்ணனைக் கூப்பிடுவது போல, ‘நானா’ என்று கூப்பிட்டுத் தேவையைச் சொன்னாள்.

“எந்தக் கிளாஸ் புள்ளைக்கு?” என்று கேட்டார்.

“புள்ளைக்கு இல்ல நானா, இவங்களுக்குத் தான். ஆய்வுகூடத்துக்கு.”

அவர் நாலைந்து விதமான கொப்பிகளை எடுத்துப் போட்டார். தோழி தன் கைப்பையிலிருந்து ஒரு சிறிய சொட்டுப் போத்தலை எடுத்தாள். அவள் அதைக் கொண்டுவந்தது எனக்கே தெரியாது.

“என்னது இது? கொப்பிக்கும் சொட்டு மருந்தா?”

“தண்ணி தான் நானா. எழுதிட்டு ஒரு சொட்டு விட்டுப் பாக்கோணும்.”

அவர் ஒரு கணம் அவளையும் போத்தலையும் பார்த்தார். பிறகு உள்ளே போய், அட்டை மடங்கியும் ஓரம் கசங்கியும் விற்காமல் கிடந்த கொப்பிகளை ஒரு கட்டாகத் தூக்கிவந்தார்.

“இதுகள்ல சோதிங்க. நல்லதுல கை வெக்க வேணாம். எல்லாச் சாதியும் இதுல ஈக்கி.”

அந்தக் கட்டை அப்படியே எங்களுக்குத் தந்தும் விட்டார். பாதி வழியில் மழை பலமாகப் பிடித்தது. கொப்பிகளை என் சேலைத் தலைப்புக்குள் வைத்துக்கொண்டு பஸ்ஸில் உட்கார்ந்திருந்தேன். பார்த்தவர்களுக்கு என் வயிறு இரட்டைப் பிள்ளை மாதிரி தெரிந்திருக்கும்.

திங்கட்கிழமை சாப்பாட்டு நேரத்தில் சோதனையைத் தொடங்கினோம். ஒவ்வொரு கொப்பியிலும் நான் ஒரே வசனத்தை இடக்கையால் எழுதினேன். ஜெல் பேனையால் ஒரு தடவை, சாதாரண போல்பொயின்ட் பேனையால் ஒரு தடவை. பிறகு தோழி ஒரு வரிசைக்குத் தண்ணீர், ஒரு வரிசைக்கு ஸ்பிரிட், ஒரு வரிசைக்குத் தண்ணீர் கலந்து ஐதாக்கிய அமிலம் என்று சொட்டு விட்டுக்கொண்டே போனாள். காய்வதற்காக எல்லாவற்றையும் ஜன்னலோரம் விரித்து வைத்தோம். ஆய்வுகூடம் புத்தகக் கண்காட்சி மாதிரி இருந்தது. சாப்பாடு ஆறிப்போனது.

பொறுப்பாளர் உள்ளே வந்தார். எங்களைப் பார்க்கவில்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு ஜன்னலோரமாக ஒவ்வொரு கொப்பியாகப் பார்த்துக்கொண்டு போனார். வேலை நேரத்தில் விளையாட்டா என்று கேட்கப் போகிறார் என்று நான் பதில் தயாரித்தேன்.

“வலக்கையாலை எழுதினது எங்கை?”

எங்களுக்கு விளங்கவில்லை.

“இது முழுக்க இவவின்ரை கை. ஒப்பிட்டுப் பாக்க ஒண்டும் இல்லை. மை பரவினது தாளாலையோ கையாலையோ எண்டு என்னண்டு சொல்லுவியள்?”

சொல்லிவிட்டு அவரே கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். என் கையிலிருந்து பேனையை வாங்கி, ஒவ்வொரு கொப்பியிலும் என் வசனத்துக்குக் கீழே அதே வசனத்தைத் தன் வலக்கையால் எழுதினார். பாடப் புத்தகத்தில் அச்சடித்தது போன்ற எழுத்து. கடைசிக் கொப்பியை மூடும்போது, “நூறு பேருக்கு முன்னாலை பேசுறதை விட, ஒரே வசனத்தைத் திருப்பித் திருப்பி எழுதுறது கஷ்டம்,” என்றார். அவர் சிரித்ததை நான் அன்றுதான் முதலில் பார்த்தேன்.

ஜெல் பேனை எல்லாத் தாளிலும் தோற்றது. போல்பொயின்ட் பேனை தண்ணீரைத் தாங்கியது, ஸ்பிரிட்டில் கொஞ்சம் கசிந்தது. தாள்களில் வென்றது, கடைக்காரர் தந்தவற்றில் ஆக அழகில்லாமல் இருந்த ஒன்று. மங்கல் சாம்பல் அட்டை, முதுகில் கறுப்புத் துணி, கொஞ்சம் சொரசொரப்பான, பழுப்பு ஓடிய தாள். மை விழுந்த உடனே அதைக் குடித்துவிடும். விரித்தால் தட்டையாகக் கிடக்கும். அதிலேயே புதிதாக ஒன்றை வாங்கிவந்து, இரண்டு நாள் எழுதிப் பார்த்தேன். மை பரவவில்லை. ஆனால் வலது பக்கத்தில் எழுதும்போதெல்லாம், நடுவில் தையல் போட்ட மேட்டில் என் கை ஏறி இறங்கியது. எழுத்துகள் வண்டியில் எழுதியது மாதிரி ஆடின. இடது பக்கத்தில் அந்தத் தொல்லை இல்லை.

“அப்ப இடது பக்கம் மட்டும் எழுதுங்களே,” என்றாள் தோழி, சோதனைக்குழாயிலிருந்து கண்ணெடுக்காமல்.

அது இவ்வளவு சுலபமா என்று எனக்குச் சிரிப்பு வந்தது. தாள் வீண்தானே என்று பொறுப்பாளர் முதலில் யோசித்தார். பிறகு, சோதனை இயந்திரம் அச்சடிக்கும் முடிவுச் சீட்டுகளை வலது பக்கத்தில் ஒட்டுவது என்று முடிவாயிற்று. இவ்வளவு நாளும் அந்தச் சீட்டுகள் ஒரு கோப்பில் தனியாகக் கிடந்து சுருண்டுகொண்டிருந்தன. நான் இரவு வீட்டில் கணவரிடம் இதையெல்லாம் சொன்னபோது, அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “ஒரு கொப்பிக்கு இவ்வளவா? புள்ளைக்குப் பேரே இன்னும் பாக்கல,” என்றார்.

அதன் பிறகு நான் பன்விலவுக்கு இரண்டு மூன்று தடவை போனேன். வான் நிற்கும் இடத்திலிருந்து தேயிலைக்கு நடுவே படியிறங்கிப் போனால், பாறையிலிருந்து வரும் ஊற்றைக் குழாயில் வாங்கிப் பீலியாக விட்டிருப்பார்கள். தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று. குளிப்பதும் குடிப்பதும் அந்தத் தண்ணீரில்தான். கீழ்ப் பீலியில் நான் போத்தல்களை நிரப்பி, ஒரு பாறையில் கொப்பியை வைத்து எழுதிக்கொண்டிருந்தபோது குடத்தோடு ஒரு பெண் வந்து நின்றார். கொழுந்து எடுத்துவிட்டு வந்த களைப்பு முகத்தில் இருந்தது. என் வயதுதான் இருக்கும்.

“மிஸ், இந்த ஒடம்போட ஏன் இந்தப் படியெல்லாம் எறங்கி வாறீங்க? ஒக்காருங்க.” குடத்தை இறக்கிவைத்தார். “கொப்பியில எங்க தண்ணியப் பத்தி என்னா எழுதுறீங்க?”

இடமும் நேரமும், தண்ணீர் தெளிவாக இருப்பதையும் எழுதியிருந்தேன். வாசித்துக் காட்டினேன்.

“அது எங்களுக்கே தெரியுமே. நல்லதா கெட்டதா? அதச் சொல்லுங்க.”

“இன்னும் தெரியலங்க. கொண்டுபோய்ப் பாக்கணும். பாத்துட்டுத் திரும்பியும் வருவோம்.”

“வாறதாச் சொல்லிட்டுப் போனவங்க கனபேரு,” என்றார். அதில் குத்தல் எதுவும் இல்லை. எழும்பும்போது எனக்குக் கை கொடுத்தார். மேலே வான் வரைக்கும் என் போத்தல் பெட்டியைச் சுமந்துவந்தார். அவருடைய போன் நம்பரைக் கொப்பியின் பின்னட்டையில் எழுதிக்கொண்டேன்.

சில வாரத்தில் என் கால்கள் வீங்கத் தொடங்கின. சாதாரணப் பரிசோதனைக்கென்று போன இடத்தில் டொக்டர் இரத்த அழுத்தத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். வீட்டுக்குப் போய்ப் படுக்க வேண்டும், வேலை பற்றி நினைக்கவே கூடாது என்றார். நாளைக்கு ஒரு நாள் மட்டும் போய் ஒப்படைத்துவிட்டு வருகிறேன் என்று கெஞ்சினேன். அவர் என் கணவரைப் பார்த்துப் பேசத் தொடங்கினார். அதிலேயே விஷயம் முடிந்துவிட்டது.

ஒப்படைப்பது என்று ஒன்று நடக்கவே இல்லை. என் கொப்பி ஆய்வுகூட மேசையில், நான் விட்டுவந்த பக்கத்திலேயே கிடந்தது. அன்று எனக்கு இரண்டு பயம். பிள்ளையைப் பற்றிய பயம் பெரியது, அதை வெளியில் சொல்ல முடியவில்லை. அதனால் வேலையைப் பற்றிய பயத்தையே எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

தோழி அடுத்த வாரம் போன் எடுத்தாள்.

“அக்கா, எழுத்தெல்லாம் தங்கம் மாதிரி ஈக்கி. ஒரு இலக்கம் கூட சந்தேகம் இல்ல.”

எனக்கு மூச்சு வந்தது.

“ஆனா ‘கீழ்ப் பீலி’ண்டா எது? நான் இப்ப தோட்டத்துல தான் நிக்கிற. கீழ ரெண்டு ஈக்கி.”

நான் கண்ணை மூடி அந்த இடத்தை நினைத்துப் பார்த்தேன். ஆமாம், படி முடிகிற இடத்தில் ஒரு குழாய். வளைவுக்கு அப்பால் இன்னொன்று. எனக்கு ‘கீழ்ப் பீலி’ என்றால் ஒன்றேதான். அது இரண்டாக இருக்கும் என்று எழுதும்போது தோன்றவே இல்லை. தாள், மை, தையல், பக்கம் என்று இவ்வளவு பார்த்தும், இதை யாரும் யோசிக்கவில்லை. பாறை, வளைவு, கொய்யா மரம் என்று போனில் வழி சொல்லிப் பார்த்தேன். கொய்யா மரம் இரண்டு பக்கமும் இருந்ததாம்.

“பின்னட்டையில ஒரு நம்பர் இருக்கு பாருங்க. அவங்கள கூப்பிடுங்க,” என்றேன்.

அரை மணி நேரத்தில் திரும்பப் போன் வந்தது. பின்னால் தண்ணீர் விழும் சத்தம். அந்தப் பெண்ணே பேசினார்.

“மிஸ், வயித்தோட நீங்க ஒக்காந்த கல்லு எனக்குத் தெரியாதா? இந்த மிஸ்ஸ அங்கேயே கூட்டியாந்து நிக்க வச்சிட்டேன். நீங்க நிம்மதியாப் படுங்க. புள்ள பொறந்தாச்சா?”

“இன்னும் இல்லீங்க.”

“பொறக்கும் பொறக்கும்.”

பொறந்தாள். டொக்டர் சொன்ன நாளுக்கு முன்னாலேயே வந்துவிட்டாள். சிறியவள், ஆனால் அழுகை வார்ட்டின் கடைசிக் கட்டில் வரை கேட்டது. சில நாள் அவளைத் தனியாக வைத்துப் பார்த்தார்கள். அந்த நாட்களில் நான் தண்ணீரையும் நினைக்கவில்லை, கொப்பியையும் நினைக்கவில்லை. கையில் கொடுத்தபோது அவள் என் இடக்கை விரலைத்தான் பிடித்தாள், அந்தப் பக்கம்தான் படுக்க வைத்தார்கள் என்பதால். தோழி இனிப்புக்கு வட்டலப்பம் கொண்டுவந்தாள். பொறுப்பாளர் வந்து, பிள்ளையைத் தூக்கத் தெரியாதவர் மாதிரித் தள்ளி நின்று பார்த்துவிட்டு, “வடிவான பிள்ளை. நீர் வேலைக்கு வாற அவசரம் ஒண்டும் இல்லை,” என்று சொல்லிப் போனார்.

மாதங்கள் கழித்து நான் திரும்பியபோது கொப்பி முக்கால்வாசி நிரம்பியிருந்தது. புரட்டிக்கொண்டே போனேன். என் எழுத்து முடிந்த இடத்தில் தோழியின் உருண்டை எழுத்து தொடங்கியது. அவளும் இடது பக்கத்தில் மட்டுமே எழுதியிருந்தாள். வலது பக்கத்தில் சீட்டுகள் ஒழுங்காக ஒட்டியிருந்தன.

“நீங்க வலக்கை தானே? வசதியா வலது பக்கம் எழுதியிருக்கலாமே?”

“பாதியில மாத்தினா வாசிக்கிற ஆளுக்குக் கொழம்பும்ண்டு தான். ஆனா அக்கா, அல்லாஹ்வுக்காக அடுத்த கொப்பிய நாம வேற மாதிரி எடுப்போம். இந்த மேட்டுல ஏறி ஏறி என்ட மணிக்கட்டு போயிடிச்சு.”

சொல்லிக்கொண்டே மணிக்கட்டைச் சுழற்றிக் காட்டினாள். இத்தனை வருடம் வலக்கைக்காரர்களுக்காகச் செய்த உலகத்தில் நான் பட்டதை, யாரும் கேட்காமலே அவள் சில மாதம் பட்டிருக்கிறாள். அன்று அவளுடைய சோதனைக்குழாய்களையும் நானே கழுவிவைத்தேன்.

அறிக்கையைச் சேர்ந்தே எழுதினோம். மேலே இருந்த பீலி நல்லது. கீழே நான் எடுத்த பீலியில் மழை நாட்களில் கிருமி வந்தது. மேலேயிருந்த கழிவறைக் குழியிலிருந்து மண்ணுக்குள்ளால் கசிந்திருக்க வேண்டும். கொதிக்கவைத்துக் குடிக்கும்படி முதலில் லயத்துக்குச் சொல்லி அனுப்பினோம். தோட்டத்தில் பேச்சுவார்த்தை இழுபட்டது. கடைசியில் மேல் பீலியிலிருந்து லயம் வரை ஒரு குழாய் போட்டார்கள். அதன் தண்ணீரையும் சோதித்தோம். நன்றாக இருந்தது.

நல்ல செய்தி என்பதால் நானே அந்தப் பெண்ணுக்குப் போன் எடுத்தேன். ஆய்வுகூடத்தில் மூன்று பேரும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டேன்.

“தண்ணி நல்லதுங்க. இனி பயப்படாமக் குடிக்கலாம்.”

“ரொம்பச் சந்தோசம் மிஸ். திரும்பி வந்தீங்களே, அது போதும். ஆனா ஒன்னு சொல்லவா? கோவிச்சுக்காதீங்க. தேத்தண்ணிக்கு அந்தப் பழைய தண்ணிதான் ருசி. இது சப்புன்னு இருக்கு.”

தோழி வாயைப் பொத்திக்கொண்டாள். நான் பொறுப்பாளரைப் பார்த்தேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி மெதுவாகச் சொன்னார்:

“ருசிக்கு எங்களிட்டைச் சோதனை இல்லையெண்டு சொல்லும். தேயிலையைக் கொஞ்சம் கூடப் போடச் சொல்லும்.”